யாருக்குப் பேர்?

தேயிலைத் தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒருநாள் சம்பளம். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான். ஊவாவின் ஸ்பிரிங்வெளி மலையில் கூடை சுமக்கும் எந்தப் பெண்ணும் இந்தக் கணக்கைச் சொல்வாள். கம்பனிக்கும் ஒரு பேர் வேண்டியிருக்கிறது. அதற்கு இப்போது 'சமூகப் பொறுப்பு' என்று பெயர்.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்குப் புதுச் சாயம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை, கண் பரிசோதனை முகாம். இவற்றில் எது, எப்போது என்பதை தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் தேவையைவிடத் தேயிலை வாங்குபவரின் கேள்விதான் முடிவுசெய்கிறது என்பது என் கணிப்பு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் வறண்ட காற்றில் ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி வாசம் ஏறும்; கொழும்பு ஏலத்தில் விலையும் ஏறும். வெளிநாட்டு வியாபாரி வாசத்தோடு ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ், ஃபெயார்ட்ரேட் போன்ற சான்றிதழையும் பார்க்கிறார். பரிசோதகர் வருகிறார் என்றதும் சுண்ணாம்பு வாளி வெளியே வருகிறது.

லயத்தைச் சுத்தமாக வைப்பதும் மருந்து கொடுப்பதும் 1912ஆம் ஆண்டின் சட்டங்களிலேயே தோட்டத்தின் கடமை. வெள்ளைக்காரத் துரை சட்டத்துக்குப் பயந்து செய்ததை, 1992இல் நிர்வாகத்தை ஏற்ற கம்பனிகளின் காலத்தில் கொடை என்று சொல்லிப் படம் பிடிக்கிறார்கள். பை கொடுப்பதை எதிர்த்து யாரும் வழக்குப் போடவில்லை. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோதுதான் கம்பனிகள் நீதிமன்றப் படியேறின.

உற்பத்திச் செலவு ஏறிவிட்டது, காணியும் அரசுடையது, குத்தகைக்காரர் எவ்வளவு செய்வது என்று நிர்வாகத்தினர் கேட்பார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டம் பெரிய நிறுவனங்கள் சராசரி இலாபத்தில் 2 வீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்கிறது. இலங்கையில் அப்படிக் கட்டாயம் இல்லாததால் மனம் போனபடி கொடுக்கலாம், நிறுத்தலாம்.

என்னை விடாமல் அரிப்பது ஒரு சின்ன விஷயம். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து மலையேறும் பெண், மாலை நிறுவை வரை எங்கே ஒதுங்குவாள்? பல மலைகளில் இன்னும் தேயிலைச் செடிதான் மறைப்பு. பாதையோரம் நிற்கும் பிள்ளை மடுவம் படத்தில் விழும். மலை உச்சியில் கட்டும் மலசலகூடத்தை யார் ஏறிப்போய்ப் படம் எடுக்கப்போகிறார்கள்?

அடுத்த திறப்பு விழாவுக்கு உங்களை அழைத்தால் மாலையை வாங்கிக்கொள்ளுங்கள். நாடா வெட்டும் முன், மலையில் மலசலகூடம் எத்தனை என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.