சாத்தாத பன்னிரண்டு வாசல்கள்

இராத்திரி படுக்கப் போகுமுன் நீங்கள் செய்கிற கடைசி வேலை என்ன? வாசற் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவதுதானே? பழைய காலத்தில் நகரங்களுக்கும் இதே வழக்கம் உண்டு. பொழுது சாய்ந்ததும் கோட்டைக் கதவை அடைத்துவிடுவார்கள். நேரம் கழித்து வந்த வழிப்போக்கன் விடியும் வரை வெளியே கிடக்க வேண்டியதுதான்!

ஆனால் ஒரு நகரத்துக்குப் பன்னிரண்டு வாசல்கள். பன்னிரண்டும் சாத்தப்படுவதே இல்லை. கிறிஸ்தவர்கள் ‘புதிய எருசலேம்’ என்று சொல்லும் பரலோக நகரம் அது. அதைத் தரிசனத்தில் கண்டு எழுதிவைத்தவர் யார் தெரியுமா? ஒரு சின்னத் தீவை விட்டு வெளியே போக முடியாதிருந்த மனிதர்!

கடல் இல்லாத உலகம்

ஈஜியன் கடலில் பத்மு என்று ஒரு பாறைத் தீவு இருக்கிறது. முதல் நூற்றாண்டின் கடைசியில், ரோமாபுரிச் சக்கரவர்த்தி டொமிஷியன் காலத்தில், யோவான் என்ற அடியவரை அங்கே நாடு கடத்தினார்கள் என்பது பரம்பரைச் செய்தி. அவர் நேசித்த ஏழு சபைகளும் கடலுக்கு அப்பால், ஆசியா மைனரில் இருந்தன. அங்கே தமக்குக் கிடைத்த தரிசனங்களைத்தான் பைபிளின் கடைசிப் புத்தகமான ‘வெளிப்படுத்தின விசேஷ’த்தில் அவர் எழுதினார்.

புதிய வானமும் புதிய பூமியும் தோன்றும்போது அங்கே கடல் இராது என்கிறார் யோவான். வேத பண்டிதர்கள் இதற்குப் பல பொருள் சொல்வார்கள். ஆனால், கடல் எப்பேர்ப்பட்ட சிறைச் சுவர் என்பது தீவாந்தரம் போனவருக்கல்லவா தெரியும்!

பிறகு அந்த நகரம் வருகிறது. ஆமாம், ‘வருகிறது’! மனிதர்கள் மேலே ஏறிப் போகிறார்கள் என்றுதானே நாம் நினைத்திருக்கிறோம்? யோவான் கண்டது நேர்மாறானது. மணக்கோலம் பூண்ட பெண்ணைப் போல நகரம் கீழே இறங்கி வருகிறது. கடவுள் மனிதரிடையே குடியிருக்க வருகிறார்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் சமம். ஒவ்வொன்றும் 12,000 ஸ்தாதி. இன்றைய கணக்கில் சுமார் 2,200 கிலோமீட்டர்! வீதி பொன்னாலானது. ஒவ்வொரு வாசலும் ஒரே முத்து. நடுவே ஜீவ நதி. மாதந்தோறும் கனி தரும் ஜீவ விருட்சம். அதன் இலைகள் எதற்கு? ஜாதி ஜனங்களின் நோய் தீர்ப்பதற்கு!

பொன்னையும் முத்தையும் விட, அங்கே இல்லாதவற்றைக் கவனியுங்கள். கோயில் இல்லை, கடவுளே இருக்கும்போது கோயில் எதற்கு? சூரியனும் விளக்கும் வேண்டியதில்லை. மரணம் இல்லை, அழுகை இல்லை. இரவே இல்லாததால் வாசல்களைச் சாத்த வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால், திறந்திருக்கிறதே என்று பொய்யும் வஞ்சகமும் உள்ளே நுழைந்துவிட முடியாது.

பன்யனின் வீட்டுக் கதவு

சுமார் பதினாறு நூற்றாண்டுகளுக்குப் பின், இந்த வாசல்களை நினைத்துக்கொண்டே சிறைக் கதவுக்குப் பின்னால் வாழ்ந்தார் ஒரு ஆங்கிலேயர். பெட்போர்டு நகருக்கு அருகே, எல்ஸ்டோ கிராமத்தில் 1628-ல் பிறந்த ஜான் பன்யன், ஓட்டைப் பாத்திரங்களுக்கு ஒட்டுப் போடும் தொழிலாளி. அரசாங்கத் திருச்சபையின் அனுமதி இல்லாமல் பிரசங்கம் செய்தார் என்று 1660-ல் அவரைக் கைது செய்தார்கள்.

“இனிமேல் பிரசங்கம் செய்வதில்லை” என்று ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம். பன்யன் ஒப்பவில்லை. அந்தக் கதவு திறக்கப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று!

வீட்டில் என்ன நிலைமை? இளம் மனைவி எலிசபெத். மூத்த தாரத்தின் குழந்தைகள் நாலு பேர். அவர்களில் மேரிக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. கணவர் கைதான அதிர்ச்சியில் எலிசபெத்துக்குக் குறைப் பிரசவமாகி, குழந்தையும் இறந்தது. அப்படிப்பட்டவள் 1661-ல் நீதிபதிகள் முன்னே போய் நின்று, ஊராரின் தர்மத்தில் பிழைக்கிறோம் என்று சொல்லி மன்றாடினாள். நீதிபதி மாத்யூ ஹேல் மனம் இரங்கினார், விடுதலைதான் கிடைக்கவில்லை.

பன்யன் கல்நெஞ்சரா? இல்லை. குடும்பத்தைப் பிரிந்தது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பது போலிருந்தது என்றும், கண்ணில்லாத அந்தப் பெண்ணை நினைத்தால் நெஞ்சு வெடிக்கிறது என்றும் அவரே எழுதியிருக்கிறார். சிறையில் உட்கார்ந்தபடியே நாடாக்களுக்கு முனை கட்டி, அந்தக் காசில் வீட்டைத் தாங்கினார். அவர் செய்தது சரியா என்று நம்மில் பலர் கேட்போம். அந்தக் கேள்வி அவரையும் இரவும் பகலும் குடைந்திருக்கிறது.

சிறைவாசத்தில் உருவெடுத்து 1678-ல் வெளிவந்த நூல்தான் ‘மோட்ச பிரயாணம்’. முதுகில் பாவச் சுமையோடு வீட்டை விட்டுக் கிளம்பும் ஒருவன், சேற்றிலும் மேட்டிலும் சந்தைக் கடையிலும் அல்லல்பட்டு, பொன் நகரத்தைத் தேடிப் போகிற கதை.

நகரம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் குறுக்கே ஓர் ஆறு, பாலம் கிடையாது. அதுதான் மரணம். கதாநாயகன் கால் வைத்ததும் மூழ்கத் தொடங்குகிறான். இவ்வளவு தூரம் வந்தவனுக்கே நம்பிக்கை போய்விடுகிறது! உடன் வந்த தோழன்தான் அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடித்துக் கரை சேர்க்கிறான். அந்த ஆற்றின் ஆழம் எல்லாருக்கும் ஒன்றல்ல. அவரவர் நம்பிக்கைக்குத் தக்கபடி கூடும், குறையும் என்கிறார் பன்யன். பக்திமான் பயப்படவே மாட்டான் என்று அவர் பசப்பவில்லை. இந்த நேர்மைக்காகவே அந்தப் புத்தகம் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது.

தாமிரபரணிச் சீமையில்

அந்தப் பயணம் தமிழுக்கும் வந்தது. திருநெல்வேலிச் சீமையில், கரையிருப்பு என்ற ஊரில், 1827-ல் வைஷ்ணவக் குடும்பம் ஒன்றில் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். 1858-ல் ஞானஸ்நானம் பெற்ற அவர், பன்யனின் கதையைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காவியத்தைப் பாடினார். அது 1894-ல் அச்சேறியது. ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்று தமிழுலகம் அவரைப் போற்றுகிறது.

இதெல்லாம் செத்த பிறகு நடக்கப் போகிற சமாசாரம்தானே என்று நினைக்கிறீர்களா? கடவுளை அறிவதே நித்திய ஜீவன் என்கிறது யோவான் பெயரால் வழங்கும் சுவிசேஷம். அப்படியானால் அது ஆற்றின் அக்கரையில் ஆரம்பிப்பதல்ல, இக்கரையிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

மேரி, தந்தை உயிரோடிருக்கும்போதே இறந்துபோனாள். சூரியனும் விளக்கும் வேண்டாத ஒரு நகரம் பன்யனுக்கு வெறும் அலங்கார வர்ணனையாக இருந்திருக்குமா? பகலையே பார்த்தறியாத மகளைப் பெற்ற தகப்பன் அல்லவா அவர்!

இன்றிரவு தாழ்ப்பாள் போடும்போது, ஒரு நிமிஷம் அந்தப் பன்னிரண்டு வாசல்களை நினைத்துப் பாருங்கள். சாத்தாத வாசலைப் பற்றி நமக்குச் சொன்னவர்கள், வெளியே போக முடியாதவர்கள்!