வண்டி கிளம்ப மறுத்தால் முதலில் பிளக்கைப் பாருங்கள்!



விடியற்காலை மணி ஐந்து. பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. சோற்றுப் பாத்திரத்தை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை உதைக்கிறோம். ஒரு முனகல், அவ்வளவுதான். இன்னும் பத்து உதை உதைத்தாலும் வேர்வை வருகிறதே தவிர, எஞ்சின் சத்தம் வரக் காணோம்.

இது சின்னக் கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. வண்டி ஒரு நாள் மக்கர் பண்ணினால் அந்தப் பணம் போச்சு. கடைக்காரருக்குக் கொடுப்பது தனிக் கணக்கு.

ஜோகூர் பாருவிலிருந்து ஸ்கூடாய் போகும் வழியில் இருக்கிறது தம்போய். விடியுமுன்பே இங்கே மோட்டார் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். சிங்கப்பூர் பாலத்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள் ஒரு பக்கம், பேக்டரிக்குப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த பிறகும், செம்பனை வேலையை விடாமல் போய்வருகிறவர்களும் உண்டு. அப்படி ஓர் அக்கா எனக்குத் தெரிந்தவர். கூலாய் பக்கத்துத் தோட்டத்தில் உரம் போடும் வேலை. பழைய சின்ன ஸ்கூட்டர் ஒன்று வைத்திருக்கிறார்.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் அவர் என்னிடம் புலம்பினார்:

"இது என்னா வண்டிண்ணே? கழுதையாச்சும் நம்மள உதைக்கும். இத நாமதான் உதைக்க வேண்டியிருக்கு! இந்த மாசத்துல மூணு நாள் வேலை போச்சு."

அவருடைய வீட்டுக்காரர் வண்டியைக் கடைக்குத் தள்ளிப் போனார். புது பேட்டரி போட்டார்கள். நாலு நாள் ஓடியது, ஐந்தாம் நாள் பழைய கதை. அடுத்து கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். ஒரு வாரம் ஓடியது, மறுபடியும் நின்றது. வீட்டில் சண்டையே வந்துவிட்டது. அந்தச் சண்டையின் நடுவில்தான் அக்கா ஒரு வார்த்தை சொன்னார்:

"ஏங்க, மழை பேஞ்ச மறுநாத்தான் இப்படிப் பண்ணுது. கவனிச்சீங்களா?"

அந்த ஒரு வார்த்தையில்தான் நோயின் வேர் இருந்தது. பிளக்கின் தலையில் மாட்டும் ரப்பர் மூடியில் ஒரு கீறல். மழைத் தண்ணீர் அதில் இறங்கியதும், மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வெளியே கசிந்திருக்கிறது. வெயில் அடித்துக் காய்ந்ததும் வண்டி ஒழுங்காகிவிடும். பேட்டரியும் கார்புரேட்டரும் பாவம், ஒரு குற்றமும் செய்யவில்லை! சில வெள்ளி கொடுத்துப் புது மூடி மாட்டியதோடு தொல்லை தீர்ந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. எஞ்சினுக்கு வேண்டியது மூன்றே மூன்று: பெட்ரோலும் காற்றும் அளவாகக் கலந்து போக வேண்டும், சிலிண்டருக்குள் அது அழுத்தப்பட வேண்டும், சரியான நேரத்தில் பிளக்கில் நெருப்புப் பொறி விழ வேண்டும். மூன்றில் எது குறைந்தது என்று தெரியாமல் சாமானை மாற்றுவது, காய்ச்சலுக்குக் காலில் கட்டுப் போடுகிற மாதிரிதான்.

முதலில் சின்ன விஷயங்களைப் பாருங்கள். தாங்கியில் பெட்ரோல் இருக்கிறதா? பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா? எஞ்சினை நிறுத்தும் சுவிட்சைப் பிள்ளைகள் தட்டிவிட்டார்களா? இன்றைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் பிரேக்கைப் பிடித்தால்தான் பட்டன் வேலை செய்யும். சிலவற்றில் பக்கக்காலை மடக்காவிட்டால் எஞ்சின் கிளம்பாது. இது தெரியாமல் கடைவரை தள்ளிப் போனவர்கள் உண்டு. பட்டனை அமுக்கும்போது 'டக் டக்' என்ற சத்தம் மட்டும் வந்தால், முதலில் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால், எஞ்சின் ஆறியிருக்கும்போது பிளக்கைக் கழற்றுங்கள். பிளக்தான் எஞ்சினின் நாக்கு. வைத்தியர் நாக்கைப் பார்த்து நோய் சொல்வது போல, நாமும் சொல்லலாம்.

பிளக் நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால், பெட்ரோல் வருகிறது என்று அர்த்தம். பொறி விழவில்லை, அல்லது பெட்ரோல் அதிகமாகிவிட்டது. சோக்கை இழுத்து வைத்து உதைத்துக்கொண்டே இருந்தால் இப்படித்தான் மூழ்கிப்போகும். பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். சோக்கை அடைத்து, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு நாலைந்து உதை உதையுங்கள். கிளம்பியதும் உடனே ஆக்ஸிலேட்டரைக் குறைத்துவிட வேண்டும்.

அப்படியும் கிளம்பாவிட்டால் பொறியைச் சோதிக்கலாம். கழற்றிய பிளக்கை அதன் மூடியில் செருகி, பிளக்கின் மரையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பில் நன்றாகப் படும்படி வைத்து, சாவியைத் திருகி உதையுங்கள். நீல நிறத்தில் பளிச்சென்று பொறி விழ வேண்டும். மங்கலாக விழுந்தாலும், விழாமலே போனாலும் பிளக், மூடி, ஒயர் என்று வரிசையாகப் பாருங்கள். இதைச் செய்யும்போது பிளக்கைக் கையால் தொடக்கூடாது. பிளக் இருந்த துவாரத்துக்குப் பக்கத்திலும் வைக்கக்கூடாது. அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும், தீப்பிடிக்கும். சுருட்டு, சிகரெட் வாயில் இருக்கவே கூடாது.

பிளக் காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், அதன்பின் வண்டி கிளம்பினால், மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. அதுவும் இல்லையென்றால் குழாய், வடிகட்டி, கார்புரேட்டர் என்று வர வேண்டும்.

சோக் போட்டால் ஓடுகிறது, எஞ்சின் சூடான பிறகும் சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது என்றால், பெரும்பாலும் கார்புரேட்டரின் சின்ன ஜெட் அடைத்திருக்கும். லீவுக்கு ஊருக்குப் போய் வண்டியை வாரக்கணக்கில் சும்மா போட்டு வைத்தால் பெட்ரோல் பிசினாகி அதை அடைத்துவிடும். பிளக்கின் முனை கரியாகக் கறுத்திருந்தால் காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். முனை இடைவெளியும் முக்கியம். கப்சாய் வண்டிகள் பலவற்றில் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர்; உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது அதன் புத்தகத்தில் இருக்கும்.

உதைக்கும்போது கால் தடையில்லாமல் சர்ரென்று கீழே போனால் அழுத்தம் குறைந்துவிட்டது. அது கடையில் பார்க்க வேண்டிய வேலை. புது வண்டிகள் பலவற்றில் கார்புரேட்டரும் இல்லை, சோக்கும் இல்லை. பம்ப் அழுத்தித் தரும் பெட்ரோலை இன்ஜெக்டர்தான் பீய்ச்சுகிறது. அவற்றில் பேட்டரி செத்தால் கிளம்புவது கடினம். கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது போல, பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டரைத் தள்ளிக் கிளப்பவும் முடியாது. வீணாக வேர்க்க வேண்டாம்.

இன்னொன்று. மழைக்குப் பயந்து வண்டியை வீட்டுக்குள் ஏற்றி, கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகைக்கு உயிரைக் கொல்லும் சக்தி உண்டு.

கடைக்குப் போகத்தான் வேண்டுமென்றால், "வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள். "மழை பேஞ்சா மட்டும் இப்படி. பிளக் நனைஞ்சிருக்கு. பொறி மங்கலா இருக்கு" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்குக் கால்வாசி வேலை அதிலேயே முடிந்துவிடும். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது உங்கள் உரிமை. கேட்க வெட்கம் எதற்கு?

தம்போய் அக்கா இப்போது ஸ்கூட்டர் பெட்டியில் பிளக் சாவி ஒன்றும், பழந்துணி ஒன்றும், ஒரு புதுப் பிளக்கும் வைத்திருக்கிறார். வண்டி மக்கர் பண்ணிய தேதியைக் காலண்டரில் குறிக்கவும் பழகிவிட்டார். "படிக்காதவ சொன்னத முதல்லயே கேட்டிருந்தா மூணு நாள் சம்பளம் மிஞ்சியிருக்கும்ணே" என்று வீட்டுக்காரரைச் சீண்டுகிறார். அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார்.

நியாயம்தானே!