நியூசிலாந்திலிருந்து வேலைக்கு வந்து குடியமர்வோர்: வீசா நிலையும் வாழ்க்கைச் செலவும்

ஒக்லாந்திலிருந்தோ வெலிங்டனிலிருந்தோ வேலைக்காகச் சிட்னிக்கு வரும் குடும்பங்களுக்கு இந்த மாற்றம் முதலில் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்வதைப் போலவே தோன்றும். விமானப் பயணம் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். பேசும் மொழி ஒன்றே. வாகனங்களும் வீதியின் அதே பக்கத்தில்தான் ஓடுகின்றன. 1973ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள பயண ஏற்பாட்டின்படி இரு நாட்டுக் குடிமக்களும் ஒருவர் நாட்டில் மற்றவர் வசிக்கலாம், தொழில் செய்யலாம். ஆயினும், நாடு மாறிவிட்டது என்பது வேலை இல்லாமற்போகும் போதோ, பிள்ளைக்கு நீண்டகால உதவி தேவைப்படும் போதோதான் பலருக்கு உறைக்கிறது. அண்மையில் வந்தவர்களும், உறவினரை இங்கு அழைக்க எண்ணியிருக்கும் இப்பகுதிவாசிகளும் அதனை முன்கூட்டியே அறிந்துகொள்வதற்காக இக்கட்டுரை தரப்படுகிறது.

குடியுரிமையா, வதிவிட உரிமையா?

மேற்சொன்ன ஏற்பாடு நியூசிலாந்துக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. நியூசிலாந்தில் நிரந்தர வதிவிட உரிமை பெற்று, இந்திய, இலங்கை அல்லது மலேசியக் கடவுச்சீட்டுடன் வாழ்ந்துவருபவர், இங்கு விடுமுறைக்கு வருவதற்கே தனியாக வீசா பெற வேண்டும். வேலை செய்வதற்கான உரிமை அவருக்குத் தானாகக் கிடைப்பதில்லை.

தமிழ்க் குடும்பங்களில் இது சிறிய விடயம் அன்று. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், கணவர் நியூசிலாந்துக் குடிமகனாகவும் மனைவி இந்தியக் கடவுச்சீட்டை வைத்திருப்பவராகவும் இருப்பதுண்டு. கணவர் விமான நிலையத்தில் கடவுச்சீட்டைக் காட்டியதும் உள்ளே வந்துவிடலாம். மனைவியோ நியூசிலாந்துக் குடிமக்களின் குடும்பத்தினருக்கான 461ஆம் உபவகுப்பு வீசாவுக்கு முறையாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு வழங்கப்படும் இந்த வீசா வேலை செய்ய இடமளிக்கிறது. சுற்றுலா வீசாவோ இடமளிப்பதில்லை. இருவர் சம்பளத்தை நம்பிக் கணக்கிட்டு வந்த குடும்பம், பல மாதங்கள் ஒருவர் சம்பளத்தில் வாழ வேண்டிய நிலை இவ்வாறே உருவாகிறது. நியூசிலாந்தில் குடியுரிமைக்குத் தகுதி பெற இன்னும் சில மாதங்களே இருக்குமானால், அதனைப் பெற்றுக்கொண்டு வருவது பெரும்பாலான குடும்பங்களுக்கு மேலானது.

444 வீசா தருவதும் தராததும்

நியூசிலாந்துக் குடிமகனுக்கு வருகையின்போது வழங்கப்படுவது விசேட வகை வீசா, அதாவது 444ஆம் உபவகுப்பு. இதற்குக் கட்டணம் இல்லை. முடிவுத் திகதியும் இல்லை. நாட்டைவிட்டு வெளியேறும்போது முடிவடைந்து, திரும்பி வரும்போது புதிதாக வழங்கப்படுகிறது. எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் சட்டத்தின் பார்வையில் இது தற்காலிக வீசாவே.

இதன் விளைவை 2001 பெப்ரவரி 26ஆம் திகதிக்குப் பின் வந்தவர்கள் நேரடியாக உணர்கின்றனர். அத்திகதியிலிருந்து, வேலையற்றோர் கொடுப்பனவு உட்படச் சென்டர்லிங்க் வழங்கும் பெரும்பாலான உதவித்தொகைகள் நிரந்தர வதிவாளருக்கும் குடிமக்களுக்கும் மட்டுமே என்றாயிற்று. 444 வீசாவில் உள்ளவர் பத்து ஆண்டுகள் தொடர்ந்து இங்கு வாழ்ந்த பின்னரே வேலையற்றோர் கொடுப்பனவைக் கோரலாம். அதுவும் ஒரே ஒரு முறை, மிஞ்சினால் ஆறு மாதங்களுக்கு. இவ்வீசாவில் அண்மையில் வந்தவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியக் காப்புறுதித் திட்டத்தில் சேர இயலாது. ஆதலால் சிறப்புத் தேவையுள்ள பிள்ளையைக் கொண்ட குடும்பம், சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் ஆகும் செலவை விசாரித்துத் தெரிந்துகொண்ட பின்னரே வேலைவாய்ப்பை ஏற்பது பற்றி முடிவு செய்ய வேண்டும். நியூசிலாந்தில் பெற்றுவந்த உதவி இங்கு தொடராது.

கிடைப்பவையும் உண்டு. இங்கு குடியிருப்பதற்கான சான்றைக் காட்டி மெடிக்கெயாரில் சேரலாம். பிள்ளைகள் அரசாங்கப் பாடசாலையில் கற்கலாம். குடும்ப வரி உதவித்தொகைக்கும் குழந்தைப் பராமரிப்பு மானியத்துக்கும் 444 வீசா உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். தமக்கு எதுவும் கிடைக்காது என்று எண்ணி இவ்விரண்டையும் கோராமல் விட்டுவிடுவது இழப்பே.

பல்கலைக்கழகக் கல்வியில் ஒரு நுட்பம் இருக்கிறது. அரசின் மானியம் பெற்ற இடம் கிடைக்கும்; ஆனால் கட்டணத்தைப் பின்னர் செலுத்துவதற்கான அரசாங்கக் கடன் பொதுவாகக் கிடைக்காது. சிறுவயதில் வந்து பத்து ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. உயர்தர வகுப்பில் படிக்கும் மகனோ மகளோ உள்ள பெற்றோர், கட்டணத்தைப் பருவந்தோறும் கையிலிருந்து செலுத்த ஆயத்தமாக இருக்க வேண்டும்.

இந்த நிலையிலிருந்து வெளியேறும் வழி 2023 ஜூலை 1 முதல் எளிதாகியுள்ளது. 444 வீசாவில் நான்கு ஆண்டுகள் வாழ்ந்த நியூசிலாந்துக் குடிமகன், நிரந்தர வதிவிட வீசா பெறாமலேயே அவுஸ்திரேலியக் குடியுரிமைக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். அந்த நான்கு ஆண்டுகளில் வெளிநாட்டில் கழித்த காலம் மொத்தம் 12 மாதங்களையும், இறுதி 12 மாதங்களில் 90 நாட்களையும் தாண்டக் கூடாது. நியூசிலாந்துக் குடியுரிமையைத் துறக்க வேண்டியதில்லை. 2022 ஜூலை 1 அன்றோ அதன் பின்னரோ இங்கு, 444 வீசாவில் உள்ள பெற்றோருக்குப் பிறந்த குழந்தை பிறப்பாலேயே அவுஸ்திரேலியக் குடிமகன் ஆகும். 461 வீசாவில் இருக்கும் துணைவருக்கு இந்த நேரடி வழி இல்லை. அவர் முதலில் நிரந்தர வீசா பெற வேண்டும். நான்கு ஆண்டுகள் நிறைவுறும் திகதியைக் குறித்துவைத்து, அது வந்ததும் விண்ணப்பிப்பதே நன்று. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதிருப்பவர் வேலை இழந்தால், அவருக்குரிய சட்டம் 444 வீசாவின் சட்டமே.

சம்பளக் கணக்கு

அவுஸ்திரேலியாவில் சம்பளம் கூடுதல் என்பது பொதுவாக உண்மையே. 2025 ஜூலை 1 முதல் இந்நாட்டின் ஆகக் குறைந்த ஊதியம் மணிக்கு 24.95 டொலராகவும், அதே ஆண்டு ஏப்ரல் முதல் நியூசிலாந்தில் அது 23.50 நியூசிலாந்து டொலராகவும் இருந்தது. நாணய மதிப்பைக் கருதினால் இடைவெளி இன்னும் பெரிது. ஆனால் அதே நாணய மதிப்பு சேமிப்பைக் கொண்டுவரும்போது எதிராக நிற்கிறது: நியூசிலாந்தில் சேர்த்த 10,000 டொலர் இங்கு வந்து சேரும்போது 10,000 ஆக இருப்பதில்லை.

வேலைவாய்ப்புக் கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது, குறிப்பிட்ட தொகை சூப்பர் எனப்படும் ஓய்வூதியச் சேமிப்பைத் தவிர்த்ததா, உள்ளடக்கியதா என்பதே. 2025 ஜூலை முதல் வேலை வழங்குநர் 12 சதவீதம் சூப்பர் செலுத்த வேண்டும். எடுத்துக்காட்டாக, சூப்பர் நீங்கலாக ஆண்டுக்கு 80,000 டொலர் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். 2025-26 நிதியாண்டின் வீதங்களின்படி வருமான வரி 14,788 டொலர், மெடிக்கெயார் அறவீடு 1,600 டொலர். வாரத்துக்கு ஏறக்குறைய 1,223 டொலர் கைக்கு வரும். அதே 80,000 சூப்பரை உள்ளடக்கியதாயின் உண்மைச் சம்பளம் 71,429 டொலரே. கைக்கு வருவது வாரத்துக்கு 1,111 டொலர். கடிதத்தின் ஒரு சொல் வாரத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட டொலர் பெறுமதியுடையது.

இங்கு முதல் 18,200 டொலருக்கு வரி இல்லை; நியூசிலாந்தில் முதல் டொலரிலிருந்தே வரி உண்டு. இதைக் கேட்டு, வரி மிகக் குறைவு என்று நம்புவோர் உள்ளனர். 80,000 என்ற அளவில் இரு நாடுகளிலும் செலுத்தும் மொத்தத் தொகையில் பெரிய வேறுபாடு இல்லை. நிதியாண்டின் நடுவில் வந்து வதிவாளரானவருக்கு அந்த வரிவிலக்குத் தொகையும் மாதக் கணக்கில் குறைக்கப்படுகிறது. வந்தவுடன் வரிக்கோப்பு எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதனைக் கொடுக்காவிடில் சம்பளத்தில் உச்ச வீதத்தில் வரி பிடிக்கப்படும். நிதியாண்டு ஜூன் 30இல் முடிகிறது. வரி விவரத்தைத் தாமே சமர்ப்பிப்பவர்களுக்கான இறுதி நாள் அக்டோபர் 31.

நிரந்தரமற்ற வேலைக்கு மணிக்கூலி உயர்வாகத் தெரியும். பெரும்பாலான துறைகளில் அதில் 25 சதவீதம் கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருப்பதே காரணம். அதற்கு ஈடாகச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் நோய் விடுப்பும் இல்லை. தாதியர், ஆசிரியர், மின்வினைஞர் போன்று பதிவு தேவைப்படும் தொழில் செய்வோரின் நியூசிலாந்துப் பதிவு, இரு நாடுகளின் பரஸ்பர அங்கீகார ஏற்பாட்டின்கீழ் இங்கு ஏற்கப்படுகிறது. மருத்துவர்கள் மட்டும் அதில் அடங்கார். பதிவுக்குக் கட்டணமும் காலமும் தேவை. வேலையில் சேரும் நாளுக்கு முன்பே அதனை முடித்துவைக்க வேண்டும்.

வீடும் முதல் மூன்று மாதங்களும்

வாராந்த வாடகை 700 டொலர் என்று கொண்டால், மேற்சொன்ன 1,223 டொலரில் எஞ்சுவது 523 டொலர். உணவு, மின்சாரம், வாகனம், தொலைபேசி, குழந்தைப் பராமரிப்பு அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். ஒருவர் சம்பளத்தில் வாழ்வது ஏன் கடினம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பிணைப்பணம் நான்கு வார வாடகையைத் தாண்டக் கூடாது; முற்பணமாக இரு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஆகவே 700 டொலர் வீட்டின் சாவி கைக்கு வருமுன் 4,200 டொலர் வரை தேவைப்படும். நியூசிலாந்து வீட்டின் பிணைப்பணம் அவ்வீட்டை ஒப்படைத்த பின்னரே திரும்பக் கிடைக்கும் என்பதால், அதை நம்பி இதைச் செலுத்த இயலாது. கட்டிலும் குளிர்சாதனப் பெட்டியும் இல்லாத வீடு என்பதையும் கணக்கில் சேர்த்தால், மூன்று மாதச் செலவுக்கான பணம் இல்லாமல் குடும்பத்துடன் வருவது துணிகரமான செயலே. வேலை பெற்றவர் முதலில் வந்து, வீடு அமைந்த பின் மற்றவர்களை அழைப்பது பிரிவைத் தந்தாலும் கடனைத் தவிர்க்கும்.

இங்கு வாடகைக்கு இருந்த வரலாறு இல்லாதவர்கள் வேலை ஒப்பந்தத்தையும் நியூசிலாந்து வீட்டு உரிமையாளரின் கடிதத்தையும் விண்ணப்பத்துடன் இணைக்கலாம். விளம்பரத்தில் உள்ளதைவிடக் கூடுதல் வாடகை தருமாறு முகவர் கேட்பது சட்டத்துக்கு மாறானது. வாடகையை 12 மாதங்களுக்கு ஒருமுறைக்கு மேல் உயர்த்த முடியாது. 2025 மே 19 முதல், காரணம் கூறாமல் குடியிருப்பாளரை வெளியேற்றவும் முடியாது. வீட்டைப் பாராமல் எவருக்கும் பணம் அனுப்பக் கூடாது. வீட்டின் நிலையைக் குறிக்கும் அறிக்கையை, சுவரின் கீறல் முதற்கொண்டு நிரப்பி, ஏழு நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

முதற் சில வாரங்கள் அண்ணன் வீட்டிலோ சித்தி வீட்டிலோ தங்குவது நம்மவரிடையே வழமை. அவர்களும் வாடகைக்கு இருப்பவர்களாயின், ஒப்பந்தத்தில் எத்தனை பேர் தங்கலாம் என்று இருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

வாகனச் செலவில் எதிர்பாராத ஒன்று, கிரீன் ஸ்லிப் எனப்படும் கட்டாயக் காப்புறுதி. அதை வாங்கிய பின்னரே வாகனத்தைப் பதிவு செய்யலாம். நியூசிலாந்தில் விபத்துக் காயங்களை அரசின் ஏ.சி.சி. திட்டம் ஏற்கிறது; அத்தகைய பொதுத் திட்டம் இங்கு இல்லை. மெடிக்கெயார் அம்புலன்ஸ் கட்டணத்தை ஏற்பதில்லை. பெரியவர்களின் பல் மருத்துவத்தையும் பொதுவாக ஏற்பதில்லை. சீர்வேகக் கட்டண வீதிகளின் செலவும் சேரும்போது, ரயிலில் வேலைக்குச் செல்வது பல குடும்பங்களுக்கு மலிவாக அமைகிறது.

அங்கே விட்டுவந்தவை

நியூசிலாந்தில் பெற்ற மாணவர் கடன், அந்நாட்டில் இருக்கும்வரை வட்டியற்றது. 184 நாட்கள் அல்லது அதற்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் வட்டி ஏறத் தொடங்கும். கிவிசேவர் சேமிப்பை அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்வதைக் காரணம் காட்டிப் பணமாக எடுக்க முடியாது. விரும்பினால் அதனை ஏற்கும் சூப்பர் நிதியத்துக்கு முழுமையாக மாற்றலாம். எல்லா நிதியங்களும் ஏற்பதில்லை. நியூசிலாந்து வரித் திணைக்களத்துக்கு நாட்டைவிட்டுச் சென்றதை அறிவிப்பதும் அவசியம்.

இக்கட்டுரையிலுள்ள தொகைகளும் விதிகளும் மாறக்கூடியவை; வீசா தொடர்பான முடிவுகளைப் பதிவுபெற்ற குடிவரவு முகவரிடமோ சட்டத்தரணியிடமோ உறுதிசெய்துகொள்ள வேண்டும். சம்பளம், விடுமுறை தொடர்பான ஐயங்களுக்கு 13 13 94 என்ற எண்ணில் ஃபெயார் வேர்க் அலுவலகத்தை அழைக்கலாம். வாடகையோ கட்டணங்களோ செலுத்த இயலாத நிலையில் 1800 007 007 என்ற தேசியக் கடன் உதவி எண்ணில் நிதி ஆலோசகர் இலவசமாக உதவுவார். இவர்களுடன் தமிழில் பேச விரும்புவோர் 131 450 என்ற எண்ணில் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, “தமிழ்” என்று கூறி, பேச வேண்டிய அலுவலகத்தின் பெயரைச் சொன்னால் இணைப்பு ஏற்படுத்தித் தரப்படும்.