வலி இல்லாத உதிரமும் ஆபத்தே!



எட்டாம் மாசம். வளைகாப்பு முடிந்து பெண் தாய் வீட்டில் இருக்கிறாள். ஒருநாள் விடியற்காலை எழுந்து பார்த்தால் சேலையில் உதிரம். வலி ஒன்றும் இல்லை. “உடம்புச் சூடுதான், வெந்தயம் ஊறவைச்சுக் குடி, சரியாப் போயிடும்” என்கிறார்கள் பெரியவர்கள். சாயங்காலத்துக்குள் உதிரம் நின்றும் போகிறது. எல்லோருக்கும் நிம்மதி.

இந்த நிம்மதிதான் ஆபத்து. ஏன் என்று சொல்கிறோம், தம்பதியர் இருவரும் சேர்ந்து படியுங்கள்.

உதிரம் எங்கிருந்து வருகிறது?

பிள்ளை பிறந்த பிறகு நஞ்சு விழுகிறதல்லவா? அந்த நஞ்சு பிரசவம் வரை கருப்பையின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். பிள்ளைக்கு ஆகாரமும் மூச்சும் அதன் வழியாகத்தான் போகின்றன. நிறைமாசத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை லிட்டர் தாயின் இரத்தம் கருப்பைக்குப் பாய்கிறது. ஆகவே நஞ்சு பெயர்ந்தால் சிறிது நேரத்திலேயே இரண்டு உயிருக்கும் மோசம் வரலாம்.

நஞ்சு கீழே இருந்தால்

சிலருக்கு நஞ்சு மேலே ஒட்டாமல், பிள்ளை வெளிவரும் வாசலை மறைத்து ஒட்டியிருக்கும். முன்பு சிசேரியன் ஆனவர்கள், பல பிள்ளை பெற்றவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்களுக்கு இது அதிகம். மாசம் ஏற ஏறக் கருப்பையின் கீழ்ப்பாகம் விரியும். அப்போது நஞ்சின் ஓரம் பெயர்ந்து நல்ல சிவப்பாக உதிரம் வரும். வலி இராது. தானே நிற்கும். ஆனால் அடுத்த தடவை முன்னைவிட அதிகமாக வரக்கூடும்.

ஐந்தாம் மாச ஸ்கேனில் “நஞ்சு கீழே இருக்கு” என்றால் பயப்பட வேண்டாம். கருப்பை வளர வளரப் பெரும்பாலோருக்கு அது மேலே போய்விடும். எட்டாம் மாசம் மறுபடி ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். அப்போதும் வாசலை மூடியிருந்தால் சிசேரியன்தான் வழி. அதுவரை தம்பதியர் சேர்க்கை கூடாது.

நஞ்சு முன்னதாகவே பிரிந்தால்

இரத்தக் கொதிப்பு, வயிற்றில் அடிபடுதல், கீழே விழுதல், புகைபிடித்தல் ஆகியவற்றால் நஞ்சு பிரசவத்துக்கு முன்பே சுவரை விட்டுப் பிரியலாம். காரணம் எதுவும் தெரியாமலும் பிரியலாம். அப்போது வயிறு கல்லுப் போல இறுகும், விடாமல் வலிக்கும், பிள்ளையின் அசைவு குறையும். உதிரம் உள்ளேயே தேங்கி, வெளியே கொஞ்சம்தான் தெரியும். ஆகையால் “துணியில பொட்டுதானே பட்டிருக்கு” என்று அளவு பார்க்காதீர்கள். கணவன்மாரே, கர்ப்பிணியின் மேல் கை நீட்டுவது இரண்டு உயிரின் மேல் கை நீட்டுவதாகும்.

விளைவு என்ன?

தாய்க்கு மயக்கம் வரும், நாடி தளரும். இரத்தம் உறையாமல் போகலாம், சிறுநீரகம் கெடலாம். பிரசவத்துக்குப் பின்னும் உதிரம் மிகுதியாகப் போகலாம். பிள்ளை குறைமாசத்தில் பிறந்து மூச்சுத் திணறலாம், வயிற்றிலேயே இறந்தும் போகலாம். நேரத்தோடு ஆஸ்பத்திரி சேர்ந்தால் தாய்க்கு இரத்தம் ஏற்றலாம். குறைமாசப் பிள்ளையின் நுரையீரல் பலப்படத் தாய்க்கு ஊசி போடலாம். ஆபரேஷன் செய்து இருவரையும் காப்பாற்றலாம்.

உதிரம் பட்டால் செய்ய வேண்டியவை

1. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். உதிரம் நின்றுவிட்டாலும் போகத்தான் வேண்டும்.
2. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.
3. யாரும் உள்ளே கைவிட்டுப் பார்க்கக் கூடாது. நஞ்சு வாசலில் இருந்தால் உதிரம் பீறிட்டு வரும்.
4. ஆபரேஷன் தேவைப்படலாம், சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள்.
5. நனைந்த துணியை டாக்டரிடம் காட்ட எடுத்துச் செல்லுங்கள்.
6. ஆபரேஷனும் இரத்தம் ஏற்றும் வசதியும் உள்ள ஆஸ்பத்திரிக்கே போங்கள்.

நிறைமாசத்தில் பிரசவ வலியோடு சளி கலந்து சிறிது உதிரம் படுவது இயல்பு. அப்போதும் ஆஸ்பத்திரிக்குத்தானே போகப் போகிறீர்கள்!

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

மனைவியின் இரத்த வகையைக் கணவன் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். அது நெகட்டிவ் வகையானால், உதிரம் பட்டவுடன் ஒரு தடுப்பூசி தேவைப்படும். டாக்டரிடம் மறவாமல் சொல்லுங்கள். இரத்தம் கொடுக்கச் சொந்தக்காரர், சிநேகிதர் இரண்டு மூன்று பேரிடம் சொல்லி வையுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிக்கு இரத்தம், ஆபரேஷன், போக்குவரத்து எல்லாம் இலவசம் என்ற திட்டம் 2011 முதல் நடைமுறையில் உள்ளது. பணத்துக்காகத் தயங்க வேண்டாம்.

இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் 180 நாள் சாப்பிடுங்கள். இரத்தம் குறைவாக உள்ளவளால் சிறு இழப்பையும் தாங்க முடியாது. ஒவ்வொரு பரிசோதனையிலும் இரத்தக் கொதிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெண் தாய் வீடு போகும்போது வளைகாப்புச் சீரோடு கர்ப்பிணி அட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் கூடப் போகட்டும். அந்த ஊர்க் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதிவு செய்யுங்கள். அங்கிருந்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதை இரு வீட்டாரும் அன்றைக்கே பேசி முடிவு செய்யுங்கள். உதிரம் கண்ட பிறகு மாப்பிள்ளை வரட்டும் என்று காத்திருக்க நேரம் இராது.

பொட்டு உதிரமானாலும் பொறுத்திராதீர். உடனே ஆஸ்பத்திரி செல்வீர்!