தடை நீங்கிய தெருக்கள்: அல்பேனியாவின் அன்றாடம்

ஐரோப்பாவின் தென்கிழக்கில், அட்ரியாடிக் கடலோரம் அமைந்த சிறிய நாடு அல்பேனியா. 1944 முதல் 1985இல் இறக்கும்வரை அதை ஆண்டவர் என்வர் ஹோஜா. 1948இல் யூகோஸ்லாவியா, 1961இல் சோவியத் ஒன்றியம், 1978இல் சீனா என நட்பு நாடுகளுடன் அடுத்தடுத்து உறவு முறிந்ததால் நாடு தனித்துப்போனது. 1991-92இல் கம்யூனிஸ்ட் ஆட்சி முடிவுக்கு வந்தது. இன்று பயணிகள் அங்கே சாதாரணமாகக் காணும் பலவும் அன்று மக்களுக்கு மறுக்கப்பட்டவை.

தலைநகர் டிரானாவின் பிளோகு பகுதியில் கட்சித் தலைவர்கள் மட்டுமே வசித்தனர்; காவலைத் தாண்டிப் பொதுமக்கள் நுழைய முடியாது. இப்போது தெருவுக்குத் தெரு காபிக் கடைகள். ஒரு சிறு கோப்பை எஸ்பிரெசோவுடன் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை. மாலையானால் குடும்பம் குடும்பமாக வீதியில் உலாவும் வழக்கத்துக்கு ‘ஜிரோ’ என்று பெயர்.

தனியார் கார் வைத்துக்கொள்வதும் அன்று தடைசெய்யப்பட்டிருந்தது. தடை நீங்கியதும், வெளிநாடுகளில் ஓடித் தேய்ந்த பழைய மெர்சிடிஸ் கார்கள் சாலைகளை நிறைத்தன. ஊர்களுக்கிடையே ‘ஃபுர்கோன்’ என்னும் சிற்றுந்துகள் ஆள் சேர்ந்ததும் கிளம்புகின்றன.

1967இல் வழிபாடு முற்றிலும் தடைசெய்யப்பட்டு, பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் மூடப்பட்டன. டிரானாவின் எதெம் பே பள்ளிவாசல் 1991இல் மீண்டும் திறந்தது. முஸ்லிம்களும் ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களும் ஒருவர் பண்டிகைக்கு மற்றவர் வாழ்த்துச் சொல்வது இயல்பு; கலப்புத் திருமணமும் அரிதல்ல.

படையெடுப்புக்கு அஞ்சி ஹோஜா கட்டிய கான்கிரீட் பதுங்கு குழிகள் வயல்களிலும் கடற்கரைகளிலும் இன்னும் தென்படுகின்றன. 1,70,000க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டதாகக் கணக்கு. வீடு கட்டப் போயிருக்கக்கூடிய சிமென்டும் இரும்பும் அவற்றில் புதைந்தன. சில இன்று கிடங்காகவும் மாட்டுத் தொழுவமாகவும் பயன்படுகின்றன. டிரானாவில் தலைவர்களுக்கென அமைத்த பெரிய நிலத்தடிக் காப்பிடம் 2014இல் அருங்காட்சியகமானது.

சந்தைப் பொருளாதாரமும் எளிதாக வாய்க்கவில்லை. பெரும் வட்டி தருவதாக ஆசைகாட்டிப் பணம் திரட்டிய நிதித் திட்டங்கள் 1997இல் கவிழ்ந்து, பல குடும்பங்களின் சேமிப்பு பறிபோனது. அதனால் வெடித்த கலவரத்தில் ஏறத்தாழ 2,000 பேர் இறந்தனர்.

கம்யூனிஸ்ட் ஆட்சியில் நாட்டைவிட்டு ஓடுவது தேசத்துரோகம். எல்லை திறந்ததும் இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் லட்சக்கணக்கானோர் சென்றனர். 1989இல் சுமார் 32 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 2023 கணக்கெடுப்பில் சுமார் 24 லட்சம். வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணமே பல வீடுகளைத் தாங்குகிறது. கோடை விடுமுறைக்கு அவர்கள் ஊர் திரும்புகையில் கடைகளும் கல்யாண மண்டபங்களும் நிரம்புகின்றன.