உங்களுக்குத் தெரியுமா? தோட்டாவையும் தேர்வு வைத்தே வாங்குகிறார்கள்!

ஆயிரம் கஜத் தொலைவு இலக்கைச் சுடும் வீரர்கள் பலர், பித்தளைக் கூட்டில் வெடிமருந்தைத் தாங்களே நிறுத்துப் போட்டு, குண்டைப் பொருத்தித் தோட்டா தயாரிக்கிறார்கள். அவர்களுக்கு அதிவேகம் முக்கியமல்ல. எல்லாக் குண்டுகளும் ஒரே வேகத்தில் கிளம்ப வேண்டும். வினாடிக்கு 10 மீட்டர் வேறுபட்டாலே அவ்வளவு தூரத்தில் குண்டு ஏறக்குறைய ஒரு சாண் மேலோ கீழோ போய்விடும்!

ஜொகூரில் இதை வீட்டு மேசையில் செய்துபார்க்க நினைக்காதீர்கள். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது கடுங்குற்றம். அங்குள்ள வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெடிமருந்து சூடேறினால் குண்டின் வேகம் பொதுவாகக் கூடும். இங்கிலாந்தின் பிஸ்லி மைதானக் குளிரில் பார்த்துப் பார்த்து அமைத்த அளவு, ஜொகூர் பாரு உச்சி வெயிலில் சற்று மேலே அடிக்கும்.

50 மீட்டர் போட்டிக்கான .22 தோட்டாவின் கதையே வேறு. தீப்பற்றும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே அடைக்கப்பட்டிருப்பதால், அதை மறுபடி நிரப்புவது வழக்கமில்லை. எனவே துப்பாக்கியைத் தாங்கியில் இறுக்கி, ஆலையின் வெவ்வேறு தயாரிப்புத் தொகுதிகளைச் சுட்டுப் பார்க்கிறார்கள். எந்தத் தொகுதியின் துளைகள் நெருங்கி விழுகின்றனவோ அதை மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். மெச்சத்தக்க பொறுமை இது.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போட்டியிடும் 10 மீட்டர் ஏர் ரைபிளிலும் குண்டுகளை இப்படிச் சோதித்தே தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர், இலக்கின் நடுப்புள்ளியோ வெறும் 0.5 மில்லிமீட்டர்!