விதையிலிருந்து மிளகாய்ச் செடி வளர்த்தல்

விதையிலிருந்து மிளகாய்ச் செடி வளர்த்தல் என்பது மிளகாய் விதையை முளைக்க வைத்து, நாற்றாக்கி, தொட்டியிலோ தோட்டத்திலோ நட்டு, காய் பறிக்கும் வரை பேணும் முறையாகும். தண்டுக்கீரை சில நாட்களில் முளைத்துவிடும். வெண்டைக்கு ஒரு வாரம் போதும். மிளகாய் முளைக்க ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதன் பிறகு நடவுக்கு ஏற்ற நாற்றாவதற்கு மேலும் நான்கைந்து வாரம் வேண்டும். புதிதாக வளர்ப்பவர்கள் செடியை இழப்பது பெரும்பாலும் இந்த முதல் 45 நாட்களில்தான். அளவுக்கு மீறிய நீரும் போதாத வெளிச்சமுமே அதற்கு முதன்மைக் காரணங்கள். இந்தக் கட்டுரை தமிழ்நாட்டு வீட்டுத்தோட்டத்தையும் மாடித்தோட்டத்தையும் மனத்தில் கொண்டு அந்த நாட்களை விரிவாக விளக்குகிறது.

செடியின் இயல்பு

மிளகாய், கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தக்காளி, உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியவை இதன் உறவுகள். இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ பகுதியில் பல ஆயிரம் ஆண்டுகளாகப் பயிரிடப்பட்டு வந்த இச்செடியைப் போர்த்துக்கேயர் இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். அதற்கு முன் தமிழகச் சமையலில் காரத்துக்குப் பயன்பட்டது மிளகு. சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான மிளகாய்களின் அறிவியல் பெயர் காப்சிகம் அன்னுவம். இப்பெயரில் 'ஓராண்டுச் செடி' என்ற பொருள் இருந்தாலும், வெப்ப நாடுகளில் நன்கு பேணப்படும் மிளகாய்ச் செடி இரண்டு, மூன்று ஆண்டுகள்கூடக் காய்க்கும்.

வெப்ப மண்டலச் செடி என்பதால் விதை முளைக்கவும் வெதுவெதுப்பு தேவை. மண்ணின் வெப்பநிலை 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் முளைப்பு சீராக இருக்கும். 15 டிகிரிக்குக் கீழே போனால் விதை பெரும்பாலும் முளைக்காது. ஈரக் குளிரில் நெடுநாள் கிடக்கும் விதை அழுகிவிடும்.

விதையைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு கிராம் எடையில் ஏறக்குறைய 150 முதல் 200 விதைகள் வரை இருக்கும். ஆகவே வீட்டுத் தேவைக்கு மிகச் சிறிய பொட்டலமே போதும். விதைகள் இருவகைப்படும். கே 1, கே 2, பி.கே.எம். 1 போன்ற ரகங்களிலிருந்தும், சம்பா, முண்டு போன்ற வழக்கமான வகைகளிலிருந்தும் எடுக்கப்படும் விதை, கலப்பு நேராதவரை தாய்ச்செடியைப் போன்ற செடியையே தரும். வீரிய ஒட்டு விதை முதல் தலைமுறையில் நன்றாகக் காய்க்கும். ஆனால் அதன் பழத்திலிருந்து எடுத்த விதை அதே போன்ற செடிகளைத் தராது. அடுத்த ஆண்டுக்குச் சொந்தமாக விதை சேமிக்க விரும்புபவர் ரகங்களைத் தேர்வதே நல்லது. ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது.

சமையலறையில் இருக்கும் மிளகாய் வற்றலின் விதையும் முளைக்கலாம். ஆயினும் வற்றல் எத்தனை மாதம் பழையது, எவ்வளவு சூட்டில் காய்ந்தது என்பது தெரியாததால் முளைப்புத்திறனை உறுதியாகச் சொல்ல முடியாது. பச்சை மிளகாயின் விதை பெரும்பாலும் முதிராதது. விதைப்புக்கு அது ஏற்றதன்று. செடியிலேயே நன்கு சிவந்த பழத்தின் விதையே சிறந்தது.

பொட்டலத்து விதையில் இளஞ்சிவப்பு, நீலம் போன்ற நிறப்பூச்சு இருந்தால் அது பூஞ்சாணக் கொல்லி கலந்ததாக இருக்கக்கூடும். அத்தகைய விதையைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்து, தொட்ட பின் கையைச் சோப்பினால் கழுவ வேண்டும். பழத்திலிருந்து விதை எடுக்கும்போது கையில் ஒட்டும் காரம் வெறும் நீரில் போகாது. சிறிது சமையல் எண்ணெய் தேய்த்துப் பின் சோப்பிட்டுக் கழுவினால் எரிச்சல் குறையும்.

விதை நல்லதா என அறிய எளிய சோதனை உண்டு. பத்து விதைகளை ஈரத்துணியில் மடித்து, மூடிய டப்பாவில் வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் ஏழெட்டு முளைத்தால் விதை நல்ல தரமானது. மூன்று நான்கே முளைத்தால் விதைகளைக் கூடுதலாக ஊன்ற வேண்டும். ஒன்றுமே முளைக்காவிட்டால் வேறு விதை தேட வேண்டும். இந்தச் சோதனையைச் செய்தவருக்கு, பின்னர் தட்டில் முளைக்காதபோது குறை விதையில் இல்லை, வளர்ப்பு முறையில் இருக்கிறது என்பது தெளிவாகிவிடும்.

விதைக்கும் காலம்

தமிழ்நாட்டில் மிளகாய் நாற்றுவிட ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் ஏற்றவை. ராமநாதபுரம் போன்ற மானாவாரிப் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசியை ஒட்டி விதைக்கின்றனர். வீட்டில் வளர்ப்பவர் கத்திரி வெயிலையும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையையும் நாற்றுப் பருவத்தில் தவிர்த்தால் போதும். தையில் விதைத்த செடி சித்திரை வெயிலில் பூவை உதிர்ப்பது வழக்கம். செடி தாக்குப்பிடித்தால் கோடை மழைக்குப் பின் மீண்டும் பூத்துக் காய் பிடிக்கும்.

விதைத்தல்

மக்கிய தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் சம அளவில் கலந்தது நாற்றுக்கு நல்ல கலவை. கட்டியாக விற்கப்படும் தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கலாம் என்பதால், அதை ஊறவைத்து, நீரை ஒன்றிரண்டு முறை வடித்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும். தோட்டத்து மண்ணை மட்டும் நிரப்பினால் அது இறுகிவிடும். மண்ணிலுள்ள நோய்ப் பூஞ்சைகளும் கூடவே வரும்.

குழித்தட்டு இல்லாதவர்கள் அடியில் துளையிட்ட தயிர்க் கிண்ணங்களையோ காகிதக் குவளைகளையோ பயன்படுத்தலாம். விதைகளைச் சில மணி நேரம் நீரில் ஊறவைத்து, ஒரு குழிக்கு இரண்டு விதை வீதம் அரை செ.மீ. ஆழத்தில் ஊன்ற வேண்டும். ஒரு செ.மீ.க்கு மேல் ஆழம் கூடாது. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்பது விதை நேர்த்திக்கான பரிந்துரை. வீட்டுப் பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகையே அதிகம். இந்த நன்மை செய்யும் பூஞ்சை, நாற்றை அழுகச் செய்யும் பூஞ்சைகளைக் கட்டுப்படுத்துகிறது.

ஊன்றிய பின் பூவாளியால் மெல்ல நனைத்து, தட்டை மூடி வெதுவெதுப்பான இடத்தில் வைக்கலாம். முதல் முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்து, தட்டை வெளிச்சத்துக்கு மாற்றிவிட வேண்டும். எல்லா விதையும் முளைக்கட்டும் என்று மூடியபடி வைத்திருந்தால், முதலில் முளைத்தவை வெளிறி, நூல் போல் நீண்டுவிடும்.

நாற்றுப் பருவம்

முளை முதலில் கொக்கி போல் வளைந்து மேலே வரும்; பின் நிமிர்ந்து நீண்ட கூரான இரண்டு வித்திலைகளை விரிக்கும். சில நாற்றுகளில் விதை உறை இலை நுனியில் தொப்பி போல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிய்க்காமல், துளி நீர் விட்டு ஊறவைத்தால் தானே கழன்றுவிடும். ஒரு குழியில் இரண்டும் முளைத்திருந்தால் நலிந்ததைக் கத்தரியால் தரையோடு நறுக்க வேண்டும். பிடுங்கினால் அருகிலுள்ள நாற்றின் வேரும் அறும்.

இப்பருவத்தின் பெரும் பகை நாற்றழுகல் நோய். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று மண்மட்டத்தில் தண்டு இளைத்து, வெந்நீர் பட்டது போல் துவண்டு கிடக்கும். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நோய்க்கிருமிகள் இதற்குக் காரணம். பித்தியத்தின் வித்துகள் மண் துகள்களுக்கு இடையே தேங்கும் நீரில் நீந்திப் பரவுகின்றன. எனவேதான் அன்புடன் நாள்தோறும் இருவேளை நீர் தெளிப்பவரின் நாற்றுகளே முதலில் சாய்கின்றன. விழுந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. அதை அந்தக் குழிக் கலவையோடு அகற்றி, நீரைக் குறைத்து, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றினால் மற்ற நாற்றுகளைக் காக்கலாம்.

நீரின் அளவை அறியத் தட்டைத் தூக்கிப் பார்ப்பது நல்ல வழி. கனமாக இருந்தால் நீர் வேண்டாம். எடை குறைந்து, மேற்பரப்பும் உலர்ந்திருந்தால் நீர் வேண்டும். அப்போது தட்டை ஆழமில்லாத நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்தால் கலவை அடியிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்ளும். தண்டைச் சுற்றி ஈரம் தேங்காது. மண்புழு உரம் கலந்த கலவையில் முதல் சில வாரங்களுக்கு வேறு உரம் தேவையில்லை.

தொட்டியில் நடுதல்

விதைத்த 40 முதல் 45 நாட்களில் நாற்று நடவுக்குத் தயாராகும். அப்போது வித்திலைகளைத் தவிர ஆறு முதல் எட்டு இலைகள் வரை இருக்கும். நடுவதற்கு முந்தைய ஒரு வாரம் அதை வெயிலுக்குப் பழக்க வேண்டும். முதல் நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், அடுத்தடுத்த நாட்களில் சிறிது சிறிதாகக் கூடுதலாக என்று பழக்குவது வழக்கம். நிழலில் வளர்ந்த நாற்றை நேராக உச்சி வெயிலில் வைத்தால் இலைகள் வெளுத்துக் கருகும்.

தொட்டி குறைந்தது ஓரடி ஆழமும் நல்ல வடிகால் துளைகளும் கொண்டிருக்க வேண்டும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்ந்த கலவை போதுமானது. இதற்கு முன் தக்காளி, கத்தரி வளர்த்த மண்ணைத் தவிர்ப்பது நல்லது. அவற்றின் நோய்கள் மிளகாயையும் தாக்கும். மாலையில் நட்டு நீர் விட வேண்டும். தரையில் நடுவதானால் வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 45 செ.மீ. இடைவெளி விடலாம்.

நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் தேவை. மேல்மண் ஓரங்குலம் காய்ந்த பிறகே நீர் விட வேண்டும். நண்பகலில் இலை வாடி மாலையில் தானே நிமிர்ந்தால் அது வெயிலின் விளைவு, கவலை வேண்டாம். மண் ஈரமாக இருந்தும் காலையிலேயே செடி வாடி நின்றால் வேர் அழுகலோ வாடல் நோயோ காரணமாக இருக்கலாம். அதைத் தாகம் என்று எண்ணி மேலும் நீர் விடுவது செடியைக் கொன்றுவிடும்.

பூ உதிர்தல்

மிளகாய்ப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். காற்றில்லாத மூலையில் வைத்த செடியைப் பூக்கும் காலத்தில் மெல்லத் தட்டிவிட்டால் காய்ப்பிடிப்பு கூடும். கடும் வெயில், வெப்பம் தணியாத இரவு, நீர்ப் பற்றாக்குறை, தழைச்சத்து மிகுதி ஆகியவற்றால் பூ உதிரும். கரும்பச்சை இலைகளோடு செழித்து நின்றும் காய்க்காத செடிக்கு உரத்தை நிறுத்துவதே மருந்து. காய்களை உரிய காலத்தில் பறித்தால் புதிய பூக்கள் தொடர்ந்து வரும்.

இலைச்சுருட்டு

இலை சுருண்டதும் கைக்குக் கிடைத்த மருந்தைத் தெளிப்பது பொதுவான வழக்கம். ஆனால் சுருட்டைக்குக் காரணங்கள் பல. இலையின் விளிம்புகள் மேல்நோக்கிப் படகு போல் மடிந்தால் இலைப்பேன் காரணமாக இருக்கலாம். கீழ்நோக்கிக் கவிழ்ந்த படகு போல் மடிந்து, காம்பு நீண்டால் சிலந்திப்பேன் என்று ஐயுறலாம். இலைகள் சிறுத்து, நரம்புகள் தடித்து, கணுக்கள் நெருங்கிச் செடி குட்டையாக நின்றால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோயாக இருக்க வாய்ப்பு மிகுதி.

முதல் இரண்டையும் தொடக்கத்திலேயே கண்டால் கட்டுப்படுத்தலாம். ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலை வேளையில் இலையின் அடிப்புறம் நனையுமாறு வாரம் ஒருமுறை தெளிக்கலாம். நச்சுயிரி நோய்க்கு மருந்து இல்லை. நோயுற்ற செடியை வேரோடு அகற்றுவதே மற்றச் செடிகளைக் காக்கும் வழி. இளம் நாற்றில் தொற்றினால் காயே கிடைக்காமல் போகலாம் என்பதால் நாற்றுத் தட்டை நுண்வலையால் மூடி வைப்பது நல்லது. சாதாரணக் கொசுவலையின் கண்கள் வெள்ளை ஈயைத் தடுக்கும் அளவுக்குச் சிறியவை அல்ல.

விதை சேமித்தல்

நோயற்ற, நன்கு காய்த்த செடியைத் தேர்ந்து, முழுமையாகச் சிவந்த பழங்களிலிருந்து விதை எடுக்க வேண்டும். காரம் விதையில் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் காப்சைசின் என்னும் காரப்பொருள் விதைகள் ஒட்டியிருக்கும் வெண்மையான உட்சதையிலேயே உருவாகிறது. பாலூட்டிகளின் வாயை எரிக்கும் இப்பொருளைப் பறவைகள் உணர்வதில்லை. அவை பழத்தை உண்டு விதைகளைத் தொலைவில் எச்சமிட்டுப் பரப்புகின்றன. யாரும் விதைக்காமல் வேலியோரத்தில் மிளகாய் முளைப்பது இப்படித்தான்.

விதையை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில், ரகத்தின் பெயரும் எடுத்த நாளும் எழுதி, குளிர்ந்த இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் வரை முளைப்புத்திறன் இருக்கும். அருகில் வேறு வகை மிளகாய் இருந்தால் தேனீக்களாலும் எறும்புகளாலும் அயல் மகரந்தம் சேரக்கூடும். குடைமிளகாய்ப் பூவில் கார மிளகாயின் மகரந்தம் சேர்ந்தால் அந்த ஆண்டுக் காயின் சுவை மாறாது. அதன் விதையிலிருந்து வரும் செடியின் காய்தான் காரமாக இருக்கும். இதைத் தவிர்க்க, விதைக்கென ஒதுக்கிய சில மொட்டுகளை மலர்வதற்கு முன்பே மெல்லிய துணிப்பையால் மூடி, காய் பிடித்ததும் பையை நீக்கி, காம்பில் நூல் கட்டி அடையாளமிடலாம். அந்தக் காயைப் பறிக்காமல் செடியிலேயே பழுக்க விட வேண்டும்.